பிரித்தானியாவின் செல்லப்பிராணிப் பயண விதிகள்

வெளிநாட்டிலிருந்து வரும் நாய், பூனைகளை ஆறு மாதம் தனிமைப்படுத்தி வைக்கும் முறை இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் பிரித்தானியாவில் இருந்தது. ரேபிஸ் என்னும் வெறிநாய்க்கடி நோய் உடலில் பல வாரங்கள் வெளித்தெரியாமல் இருக்கக்கூடியது என்பதே இதற்குக் காரணம். 1902இல் ஒழிக்கப்பட்ட இந்நோய், 1918இல் மீண்டும் தோன்றியது. முதல் உலகப் போரிலிருந்து திரும்பிய படைவீரர்கள் மறைத்துக் கொண்டுவந்த நாய்களால் அது பரவியதாகக் கருதப்படுகிறது. 1922இல் மறுபடி ஒழிக்கப்பட்டது.

2000ஆம் ஆண்டு பிப்ரவரி 28இல் தொடங்கிய செல்லப்பிராணிப் பயணத் திட்டம், விதிகளை நிறைவு செய்த விலங்குகளுக்குக் கூண்டுக்காவலிலிருந்து விலக்கு அளித்தது. மைக்ரோசிப் பொருத்திய பின்னரே தடுப்பூசி போட வேண்டும்; இல்லையேல், ஊசி பெற்றது அதே விலங்குதான் என உறுதிசெய்ய இயலாது.

இந்தியாவிலிருந்து கொண்டுசெல்ல, தடுப்பூசிக்குக் குறைந்தது 30 நாள் கழித்து இரத்தப் பரிசோதனையும், இரத்தம் எடுத்தபின் மூன்று மாதக் காத்திருப்பும் தேவை. எனவே, பயணத்துக்கு நான்கு மாதங்களுக்கு முன்பே ஏற்பாடுகளைத் தொடங்குதல் அவசியம்.