15 நாளிலிருந்து 45 நாளுக்கு

1958 செப்டம்பரில், கலிபோர்னியாவின் ஃபிரெஸ்னோ நகரத்தில் சுமார் 60,000 பேருக்குத் தபாலில் ஒரு கிரெடிட் கார்டு வந்து சேர்ந்தது. அவர்களில் யாரும் அதைக் கேட்டு எழுதிப் போடவில்லை. பேங்க் ஆஃப் அமெரிக்கா தானாக அனுப்பிய அந்த பேங்க்அமெரிகார்டுதான் 1976-இல் விசா என்று பெயர் மாறியது. 1966-இல் சிகாகோ வங்கிகளும் லட்சக்கணக்கில் இப்படி அனுப்ப, பல கார்டுகள் தபாலிலேயே திருடு போயின. கண்ணால்கூடப் பார்க்காத கார்டுக்குப் பலருக்குப் பில் வந்தது. கேட்காதவருக்குக் கார்டு அனுப்பக் கூடாது என்று 1970-இல்தான் சட்டம் வந்தது.

பில்லில் என்ன இருக்க வேண்டும் என்ற போராட்டம் அதற்கும் முந்தியது. பொருளாதாரப் பேராசிரியராக இருந்து செனட்டரான பால் டக்ளஸ், கடனின் வட்டியை ஆண்டு விகிதமாக வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று 1960-இல் மசோதா கொண்டுவந்தார். கடன் கொடுப்பவர்கள் ஆண்டுக்கணக்கில் அதை முடக்கினார்கள். 1966 தேர்தலில் டக்ளஸ் தோற்றார். செனட்டர் வில்லியம் பிராக்ஸ்மயர் விடாமல் முன்னெடுக்க, 1968-இல் அது சட்டமானது. பழைய பாக்கி, புதுச் செலவு, கட்டிய தொகை, வட்டி என்று பிரித்துக் காட்டும் ஸ்டேட்மென்ட் அப்போதுதான் உரிமையானது.

1974-இல் வந்த இன்னொரு சட்டம் ஒரு படி மேலே போனது. பில்லில் தவறு இருந்தால் 60 நாட்களுக்குள் எழுதிக் கொடுக்கலாம். அதிகபட்சம் 90 நாட்களில் வங்கி தீர்த்தாக வேண்டும். அதுவரை தகராறில் உள்ள தொகையைக் கட்ட வேண்டியதில்லை.

வட்டியை ஏற்றும் விஷயத்தில் மட்டும் வங்கியின் கையே ஓங்கியிருந்தது. 15 நாள் முன்னதாக ஒரு கடிதம் அனுப்பினால் போதும். தவணை தவறியவருக்கு அந்த 15 நாளும் கிடையாது. வேறொரு கடனில் தாமதித்தவருக்குக்கூட இந்தக் கார்டில் வட்டியை ஏற்றினார்கள். ஏற்றிய வட்டி பழைய பாக்கிக்கும் பாய்ந்தது. செலவு செய்து முடித்தவரிடம் பிறகு விலையை மாற்றிச் சொல்வது அப்பட்டமான அநியாயம்.

அதை ஒழுங்குபடுத்த 2009 மே மாதம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஒபாமா கையெழுத்திட்ட சட்டத்தின்படி முக்கிய மாற்றங்களுக்கு 45 நாள் முன்னறிவிப்பு வேண்டும். பணம் கட்டும் கெடுவுக்கு 21 நாள் முன்பே ஸ்டேட்மென்ட் புறப்பட வேண்டும். பெரும்பாலும் பழைய பாக்கியின் வட்டியில் கை வைக்கக் கூடாது.

இந்தியாவில் ரிசர்வ் வங்கியின் விதிகள், கட்டணத்தை மாற்ற ஒரு மாத முன்னறிவிப்பு வேண்டும் என்கின்றன. மாற்றம் பாதகமாக இருந்தால், கூடுதல் கட்டணமின்றிக் கார்டைத் திருப்பிக் கொடுக்கலாம். வங்கியிலிருந்து அப்படி ஓர் அறிவிப்பு வந்தால், படிக்காமல் அழித்துவிடாதீர்கள்.