குடியை இழந்த மராமத்து

சென்னை ரிச்சி தெருவில் செல்போன் பழுது பார்க்கும் இளைஞர் ஒருவர் என் போனை வாங்கிப் புரட்டிப் பார்த்துவிட்டு அப்படியே திருப்பித் தந்தார். பேட்டரி உப்பியிருந்தது. “பேட்டரி கிடைக்கும் சார். ஆனா பின்பக்கம் முழுக்கப் பசை போட்டு ஒட்டியிருக்கான். சூடு காட்டிப் பிரிச்சா டிஸ்ப்ளே போனாலும் போயிடும். இன்னொரு போன்லேர்ந்து டிஸ்ப்ளே கழட்டிப் போட்டா போனே அதை ஏத்துக்காது” என்றார். அதே நிறுவனம், அதே மாடல், ஒரு திருகுகூட மாறாத உறுப்பு. ஆனாலும் உள்ளிருக்கும் மென்பொருள் அந்த உறுப்பின் எண்ணைச் சரிபார்த்து, தன்னுடையது அல்ல என்று ஒதுக்கிவிடுமாம். நிறுவனத்தின் சேவை மையத்தில் சொன்ன தொகையோடு இன்னும் கொஞ்சம் சேர்த்தால் புதுப் போனே வாங்கிவிடலாம்.

அந்தக் கடையின் படியில் இறங்கும்போது என் அப்பத்தாவின் வாயில் அடிக்கடி வந்த சொல் ஒன்று நினைவுக்கு வந்தது: மராமத்து. சிவகங்கைப் பக்கத்துக் கிராமத்தில் பங்குனி, சித்திரை வெயிலில் கண்மாய் வற்றிக் கிடக்கும்போது, “மராமத்துக்கு ஆளு போவணும்ல” என்பார். அந்தச் சொல்லில் மரம் இருப்பதாகவே சின்ன வயதில் நினைத்திருந்தேன். கரையில் நின்ற கருவேல மரங்களை ஏலம் விடுவதைத்தான் சொல்கிறார்கள் என்பது என் முடிவு.

மரத்துக்கும் அதற்கும் தொடர்பு இல்லை. அது அரபி மண்ணில் பிறந்த சொல். ‘மரம்மத்’ என்று பாரசீகத்துக்குப் போய், அங்கிருந்து உருதுவுக்கும் இந்திக்கும் மராத்திக்கும் வந்து, வசூல், கிஸ்தி, தாசில், ஜமாபந்தி, பசலி என்ற வருவாய்க் கணக்குச் சொற்களின் கூட்டத்தோடு தமிழுக்குள் நுழைந்தது. தெலுங்கு அதை ‘மரம்மத்து’ என்று இரட்டித்தே வைத்துக்கொண்டது. தமிழும் மலையாளமும் இரட்டித்த மகரத்தைக் குறைத்து, முன்னிருந்த உயிரை நீட்டி ‘மராமத்து’ ஆக்கின. கேரளத்தில் பொதுப்பணித்துறைக்கு இன்றும் அதிகாரப்பூர்வப் பெயர் ‘பொதுமராமத்து வகுப்பு’தான். நாம் ‘மராமத்து இலாகா’ என்ற பழைய பெயரைக் கைவிட்டுப் ‘பொதுப்பணி’க்கு மாறிவிட்டோம். மொழித்தூய்மை நோக்கில் அது சரியாக இருக்கலாம். பொருள் நோக்கில் ஓர் இழப்பு உண்டு. ‘பணி’ என்றால் எந்த வேலையும் ஆகலாம், புதிதாகக் கட்டுவதும் பணிதான். மராமத்து என்றால் ஏற்கெனவே இருப்பதைப் பேணுவது மட்டும்.

இந்தச் சொல்லின் அரபி வேரைத் தேடிப் போனபோது என்னை நிறுத்திவைத்த செய்தி ஒன்று உண்டு. ர, ம, ம என்ற மூன்று மெய்களால் ஆன அந்த வேருக்கு இரண்டு பொருள். ஒன்று சீர்செய்தல். மற்றொன்று மக்கிப்போதல், உளுத்துப்போதல். உளுத்த எலும்பைச் சொல்லும் ‘ரமீம்’ என்ற சொல்லும் பழுது நீக்குவதைச் சொல்லும் சொல்லும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். ஏன் அப்படி என்று நான் காரணம் கற்பிக்கப் போவதில்லை. ஆனால் கண்மாய்க்கரையில் வளர்ந்தவனுக்கு அந்த உறவு புரியும். மண்கரை ஒவ்வொரு மழைக்கும் கரைகிறது, ஆகவே ஒவ்வொரு கோடையிலும் அணைக்கப்படுகிறது. கரைவதும் அணைப்பதும் சேர்ந்ததுதான் கண்மாயின் வாழ்நாள்.

அரபிச் சொல் வருமுன் தமிழில் இதற்குச் சொல் இல்லையா என்றால், இரண்டு நல்ல சொற்கள் இருந்தன, இப்போதும் இருக்கின்றன. ஒன்று பழுது பார்த்தல். வைத்தியம் பார்க்கிறோம், பிரசவம் பார்க்கிறோம், பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறோம். அந்த வரிசையில் பழுதையும் பார்க்கிறோம். தமிழில் ‘பார்’ வெறுங் கண்ணின் வேலை அல்ல, பொறுப்பேற்கும் வேலை. மற்றொன்று செப்பனிடுதல். செப்பம் என்பது நேராக இருப்பது. திருக்குறளின் நடுவுநிலைமை அதிகாரத்தில் அந்தச் சொல் நேர்மை என்ற பொருளில் வருகிறது. சாலையைச் செப்பனிடுகிறோம் என்று சொல்லும்போது, அறிந்தோ அறியாமலோ அறத்தின் சொல்லைத்தான் கையாள்கிறோம். தொழில்நுட்பத்தின் அறம் பற்றிப் பேச வேற்றுமொழிக்குப் போகத் தேவையில்லாதபடி நம் மொழியில் பழுது நீக்குவதும் நேர்மையாக நடப்பதும் ஒரே சொல்லில் இருக்கின்றன.

இனி ‘குடிமராமத்து’ என்ற கூட்டுச்சொல்லின் முன்பாதி: குடி. அருந்துவதைச் சொல்லும் ‘குடி’ வேறு, இது வேறு. குடில், குடிசை இரண்டும் இதன் சுற்றம். கன்னடத்திலும் தெலுங்கிலும் ‘குடி’ (முதலெழுத்தை மெலித்து உச்சரிப்பார்கள்) என்றால் கோயில். உறைவிடத்தைக் குறித்த சொல் அதில் உறையும் குடும்பத்தையும் குலத்தையும் ஊராரையும் குறித்தது. குடியானவன் பயிரிடுகிறவன். விளைச்சலில் அவன் பங்கு குடிவாரம், ஆள்பவர் பங்கு மேல்வாரம். இன்று நாட்டின் உறுப்பினனைக் குடிமகன் என்கிறோம். இதே சொல்லுக்கு இன்னொரு கிளையும் உண்டு. வாடகைக்கு இருப்பவரும் குடிதான், வாடகைக்குக் குடிக்கூலி என்று பெயர். உரிமை உள்ளவனையும் ஒண்டியிருப்பவனையும் ஒரே சொல் குறிக்கிறது. இந்த இரண்டு கிளைகளையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

குடியும் மராமத்தும் சேர்ந்து குடிமராமத்து. தமிழும் அரபியும் கலந்த இந்தக் கலப்புச் சொல், வேலையைப் பங்கிடப் பிறந்தது. பெரிய உடைப்பு, கல்மதகு, கலுங்கு இவை அரசின் பொறுப்பு. கரைக்கு மண் அணைப்பது, வரத்துக்கால் தூர்வாருவது, மடையில் அடைத்த செத்தையை எடுப்பது இவை குடிகளின் பொறுப்பு. சொல் பிற்காலத்தது என்றாலும் வழக்கம் மிகப் பழையது. பராந்தக சோழன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டு (கி.பி. 921) ஏரி வாரியத்துக்கு 6 பேரைக் குடவோலையில் தேர்ந்தெடுக்கும் முறையைச் சொல்கிறது. பதவிக்காலம் 360 நாள். முன்பு பொறுப்பிலிருந்து கணக்குக் காட்டாதவர் மட்டுமல்ல, அவருடைய நெருங்கிய உறவினரும் நிற்க முடியாது. இன்று மின்வாரியம், வீட்டுவசதி வாரியம் என்கிறோமே, அந்த வாரியம் இங்கிருந்து எடுத்ததுதான்.

கண்மாய் மராமத்தின் நுட்பம் வண்டலில் இருக்கிறது. மழைநீர் மேட்டு நிலத்தின் மேல்மண்ணை அரித்துக்கொண்டு வந்து கண்மாயின் அடியில் படியவைக்கிறது. அப்படியே விட்டால் சில பத்தாண்டுகளில் கண்மாய் தூர்ந்துவிடும். கோடையில் அந்த வண்டலை வெட்டி மாட்டுவண்டியில் ஏற்றி வயலில் கொட்டினார்கள். கண்மாய்க்கு ஆழம், வயலுக்கு உரம். கண்மாய்க்குக் கழிவாக இருந்தது வயலுக்கு வரவு. பழுது நீக்குவது தனிச் செலவாக இல்லாமல் விவசாயத்தின் ஓர் அங்கமாகவே இருந்தது. வளங்குன்றா வாழ்வு என்று இன்று கருத்தரங்குகளில் சொல்வதற்கு என் ஊரில் ‘வண்டலடிக்கிறது’ என்று பெயர்.

இதை ஒரு பொற்காலக் கதையாகச் சொல்லிவிட்டுப் போக எனக்கு மனம் ஒப்பவில்லை. உத்தரமேரூரில் ஏரி வாரியத்துக்கு நின்றவர்கள் நிலமும் சொந்த மனையும் வேதக் கல்வியும் உள்ள பிராமண ஆண்கள். மண் சுமந்தவர்கள் அவர்கள் அல்லர். மடை திறந்து, நீரைப் பங்கிட்டு, நள்ளிரவில் மழை கொட்டும்போது கரையில் காவல் நின்ற நீர்க்கட்டி, நீர்பாய்ச்சி, கம்புகட்டி முதலியோர் பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட சாதியினர். அவர்களுக்குக் களத்தில் அளந்த நெல் கூலியாக இருந்தது, கண்மாயை ஆள்வதில் குரல் இல்லை. மடைக்குள் மூழ்கியவரை இழிவுபடுத்தித்தான் ‘மடையன்’ என்ற வசை வந்தது என்று இப்போது பலர் எழுதுகிறார்கள். அறியாமையைக் குறிக்கும் ‘மட’ என்ற பழைய வேரே அந்த வசைக்குப் போதுமான விளக்கம் என்பது என் கணிப்பு. ஆனால் அந்தக் கதையை மக்கள் நம்புவதற்கு, கண்மாயைக் காத்தவர்கள் நடத்தப்பட்ட விதமே காரணம்.

ஆங்கிலேயர் காலத்தில் சொல்லின் நிறம் மாறியது. ஏரிப் பழுதைக் கவனித்த பிரிவை அவர்களுடைய ஆவணங்களும் மராமத்து என்றே குறித்தன. 1858இல் இரண்டு காரியங்கள் நடந்தன. சென்னை மாகாணத்தில் பொதுப்பணித்துறை உருவானது. அதே ஆண்டில் கட்டாய உழைப்புச் சட்டமும் வந்தது. உடைப்பு நேரும்போது ஊராரைப் பிடித்து வேலை வாங்கவும், வழக்கமான மராமத்துக்கு வராதவரிடம் தண்டம் வசூலிக்கவும் அது வழிசெய்தது. முடிவெடுப்பது துறையிடம் போனது, உடலுழைப்பு குடிகளிடம் நின்றது. தன் கண்மாய் என்று இறங்கிய காலும் சட்டத்துக்குப் பயந்து இறங்கிய காலும் ஒன்றல்ல. பராமரிப்புக்கென்று விடப்பட்டிருந்த மானிய நிலங்கள் பல இடங்களில் கைமாறின. பின்னாளில் பம்புசெட் வந்தது. கண்மாய்த் தண்ணீர் என் வயலுக்கு வர வேண்டுமானால் அண்டை வயல்காரனோடு நான் பேசித்தான் ஆக வேண்டும். ஆழ்துளைக் கிணற்றில் பொத்தானை அழுத்தினால் போதும், யாரோடும் பேச வேண்டாம். அந்த இயந்திரத்தை நான் குறை சொல்லவில்லை. கண்மாயில் பங்கு மறுக்கப்பட்ட எத்தனையோ சிறு விவசாயிக்கு அதுதான் விடுதலை. ஆனால் அது ஊரை நிலத்தடி நீருக்குக் கடன்பட வைத்தது. கண்மாயைக் கேட்பாரில்லாமல் செய்தது. தமிழ்நாட்டில் சுமார் 39,000 ஏரி, கண்மாய்கள் உண்டு. அவற்றில் எத்தனையோ இன்று சீமைக்கருவேலங் காடுகள்.

2017 மார்ச்சில் தமிழக அரசு இந்தப் பழைய பெயரிலேயே ஒரு திட்டத்தை மணிமங்கலம் ஏரியில் தொடங்கியது. பெயர் மீண்டும் நாளிதழ்களில் வந்தபோது எனக்கு உண்மையாகவே மகிழ்ச்சி. சில ஊர்களில் நல்ல வேலை நடந்தது. ஆனால் எங்கள் பக்கத்தில் நான் கண்டது பொக்லைனும் பில்லும்தான். கரையில் நின்று வேடிக்கை பார்த்தவர்களில் அந்தக் கண்மாயில் பாசனம் பெறும் ஆயக்கட்டுக்காரர்களும் இருந்தார்கள். மராமத்து நடந்தது. குடி அதில் இல்லை.

ரிச்சி தெருவின் படியில் நான் உணர்ந்ததும் இதே இழப்பைத்தான். உலகில் 2022ஆம் ஆண்டில் மட்டும் 6.2 கோடி டன் மின்னணுக் கழிவு குவிந்ததாக ஐ.நா. அமைப்புகளின் கணக்கு. அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவானது நான்கில் ஒரு பங்குக்கும் குறைவு. மீதியில் ஒரு பகுதியை முகமூடிகூட இல்லாமல் உடைத்து, எரித்து, அமிலத்தில் நனைத்துப் பிரிப்பவர்கள் ஏழைகள். கம்புகட்டியின் இடத்தில் இன்று அவர்கள் நிற்கிறார்கள். பசையும் மென்பொருள் பூட்டும் கொண்ட ஒரு பொருள் வடிவமைப்பு மேசையிலேயே குப்பையாகப் பிறக்கிறது. எடை குறையும், தண்ணீர் புகாது என்று நிறுவனங்கள் சொல்லும் காரணங்களில் உண்மை இருக்கலாம். உறுப்பின் எண்ணைச் சரிபார்த்து ஒதுக்கும் மென்பொருளுக்கு அந்தக் காரணம் எதுவும் பொருந்தாது. திருட்டைத் தடுக்க என்பார்கள். திருடனைத் தடுக்க, பழுது பார்ப்பவரின் கையைக் கட்ட வேண்டியதில்லை.

முழுத் தொகையும் கொடுத்து வாங்கிய பொருளை நான் திறக்கக் கூடாது, என் ஊர்க்காரர் பழுது பார்க்கக் கூடாது என்றால், அந்தப் பொருளுக்கு நான் எந்தக் குடி? குடிமகன் என்ற பொருளிலா, குடிக்கூலி கொடுப்பவன் என்ற பொருளிலா? கதவுக்கு ஆணி அடிக்கக்கூட வீட்டுக்காரரைக் கேட்க வேண்டிய வாடகைக் குடியின் நிலைதான் இது. அறம் பற்றிய கேள்வி எனக்கு இங்கேதான் தொடங்குகிறது. ஒரு கருவி எவ்வளவு வேகமானது என்பது பிறகு. அது கெட்டுப்போனால் யார் கையில் இருக்கிறது என்பதே முதற்கேள்வி.

இந்தக் கேள்விக்குச் சட்டங்கள் பதில் தேடத் தொடங்கியுள்ளன. பிரான்சில் 2021 முதல் சில மின்னணுப் பொருள்களின் மேல், பழுது பார்க்க எவ்வளவு எளிது என்பதற்குப் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் அச்சிடப்படுகிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் தனி ஆணையே பிறப்பித்தது. இந்தியாவில் நுகர்வோர் விவகாரத் துறை 2022இல் ஒரு குழுவை அமைத்தது. நம் பத்திரிகைகள் இதைப் ‘பழுது பார்க்கும் உரிமை’ என்று எழுதுகின்றன. சரியான தமிழ்தான், ஆனால் அதில் உரிமை மட்டும் இருக்கிறது. குடிமராமத்தில் உரிமையும் கடமையும் சேர்ந்திருக்கின்றன. கட்டாய உழைப்பையும் சாதிக்கூலியையும் கழித்துவிட்டு, அந்தச் சொல்லை நம் கருவிகளுக்கும் எடுத்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து. சாணை பிடிக்கிறவர், குடை தைக்கிறவர், பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர், மிக்ஸி காயில் கட்டுகிறவர், ரிச்சி தெருவின் அந்த இளைஞர் எல்லோரும் இந்தச் சொல்லுக்கு உரியவர்கள்.

உப்பிய பேட்டரியை வைத்துக்கொண்டிருப்பது ஆபத்து என்பதால் அந்தப் போனைக் கைவிட்டேன். மூன்று திருகில் திறக்கும் ஒரு பழைய மாடலை அதே இளைஞரிடம் வாங்கிப் பயன்படுத்துகிறேன். நீங்கள் அடுத்து எந்தக் கருவி வாங்கினாலும், கேமரா எத்தனை மெகாபிக்சல் என்று கேட்கும் முன்பு கடைக்காரரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: “இதைத் திறக்க முடியுமா? நம்ம ஊர்ல மராமத்துப் பார்க்க ஆள் இருக்கா?”