முனிச்சிப்பியோ: நேபிள்ஸ் துறைமுகத்தின் மேல் எழுந்த மெட்ரோ நிலையம்

நேபிள்ஸ் மெட்ரோவின் 1ஆம் தடத்துக்கான பணி 1976இல் தொடங்கியது. மேட்டுப் பகுதியான வோமெரோவில் முதல் ரயில் ஓடியது 1993இல். கடலோரத்து முனிச்சிப்பியோ நிலையம் திறக்கப்பட்டதோ 2015 ஜூன் 2இல்தான். இந்த நிலையத்தின் தாமதத்தை நிர்வாகக் கோளாறாக மட்டும் பார்ப்பது பிழை. தாமதத்துக்கு மண்ணுக்குள்ளும் காரணம் இருந்தது. நிலையத்தின் இன்றைய உருவம் அதிலிருந்தே வந்தது என்பது இக்கட்டுரையின் வாதம்.

சுரங்கப்பாதைகள் பெரும்பாலும் பழைய குடியிருப்பு அடுக்குகளுக்கு வெகு கீழே செல்கின்றன. நிலையத்துக்கான குழியோ தரையிலிருந்து ஒவ்வோர் அடுக்காக இறங்கியாக வேண்டும். அதனால்தான் தொல்லியலாளர்களின் உழைப்பு நிலையங்களில் குவிந்தது. முனிச்சிப்பியோ சதுக்கத்தில் முதலில் வெளிப்பட்டவை, 15ஆம் நூற்றாண்டில் அரகோன் அரசர்கள் கஸ்தெல் நுவோவோ கோட்டையைச் சுற்றி எழுப்பிய வெளிமதிலும் இன்கொரொனாத்தா கோபுரமும். கோட்டையை 1279இல் கட்டத் தொடங்கியவர் ஆஞ்சு வம்சத்து முதலாம் சார்லஸ். அதற்கும் கீழே வண்டல். வண்டலுக்கு அடியில், பண்டைய நேபிள்ஸான நெயாபொலிஸின் துறைமுகம்.

பண்டைய துறைமுகம் எங்கே இருந்தது என்பதில் ஆய்வாளர்களிடையே நெடுங்காலம் கருத்து வேறுபாடு இருந்தது. அகழாய்வு அதைத் தீர்த்தது. பழைய கடலடித் தரையில் தூர்வாரிய தடங்கள் நீளநீளமாகப் பதிந்திருந்தன. கிறிஸ்துவுக்கு முந்தைய நூற்றாண்டுகளிலேயே துறையை ஆழப்படுத்தி வந்திருக்கிறார்கள் என்பதற்கு அவை நேரடிச் சான்று. 2004 வாக்கில் மூன்று மரக்கலங்கள் கிடைத்தன. ‘நேபிள்ஸ் ஏ’, ‘நேபிள்ஸ் சி’ ஆகிய இரண்டும் கி.பி. 1ஆம் நூற்றாண்டின் இறுதியைச் சேர்ந்தவை. ‘பி’ அவற்றுக்குப் பிந்தையது. ‘சி’யின் முன்பகுதி கூராக இல்லாமல் வெட்டினாற்போல் தட்டையாக இருக்கிறது. துறைக்குள் சரக்கேற்றவும் இறக்கவும் ஏற்ற வேலைப்படகு அது. காற்றுப் புகாத ஈரச்சேறு மரத்தை மட்கவிடாமல் காத்திருக்கிறது.

என் கணிப்பில், கப்பல்களைவிடப் பெரிய செய்தி சேற்றில்தான் இருக்கிறது. இங்கே எடுத்த வண்டலின் ஈய ஐசோடோப்புகளை ஆராய்ந்து 2016இல் வெளியான ஆய்வு, கி.பி. 79இல் வெசூவியஸ் வெடித்துச் சுமார் 15 ஆண்டுகளுக்குப் பின் அந்த ஈயத்தின் தன்மையே மாறுவதைக் காட்டியது. எரிமலையால் பழுதான ஈயக் குடிநீர்க் குழாய்களை நகரம் புதிதாக மாற்றியிருக்கிறது என்பது ஆய்வாளர்களின் முடிவு. எந்தக் கல்வெட்டும் சொல்லாத சீரமைப்பு அது. கி.பி. 5ஆம் நூற்றாண்டளவில் துறைமுகம் இருந்த குடா தூர்ந்து துறைமுகப் பயன்பாடு ஓய்ந்தது.

போர்த்துகீசியக் கட்டடக் கலைஞர்கள் ஆல்வாரோ சீசாவும் எடுவார்டோ சோட்டோ டி மோராவும் நிலையத்தை வடிவமைத்தனர். கண்டெடுப்புகளுக்கு ஏற்பத் திட்டம் திரும்பத் திரும்பத் திருத்தப்பட்டது. மதிலை இடிக்கவில்லை, பயணிகள் நடக்கும் கூடத்திலேயே பழைய கற்சுவர் நிற்கிறது. 2024 ஜூலையில் 6ஆம் தடமும் இங்கே வந்து இணைந்தது.

நேபிள்ஸின் பண்டைய துறைமுகத்தைப் பற்றி எழுதுவோர் இனி இந்த நிலையத்திலிருந்துதான் தொடங்க வேண்டும்.