ஒரு பேட்ஜ், ஒரு பாம்பு, டாக்டர்களின் தன்மானம்

பழைய பிரிட்டிஷ் ராணுவத் தொப்பி பேட்ஜ்களை ஆசை ஆசையாச் சேகரிக்கிறவங்க உலகம் முழுக்க இருக்காங்க. உள்ளங்கையில் அடங்குற பித்தளைத் துண்டு. அதுல அப்படி என்ன இருக்கு?

நம்ம தொழில் சம்பந்தப்பட்ட ஒண்ணையே பார்ப்போம். ராயல் ஆர்மி மெடிக்கல் கோர், அதாவது பிரிட்டிஷ் ராணுவ மருத்துவப் படையின் பேட்ஜ். 👇

1. நடுவில் ஒரு கோல். அதைச் சுற்றி ஒற்றைப் பாம்பு. கிரேக்க மருத்துவக் கடவுள் அஸ்க்லேபியஸின் கோல் இது. அமெரிக்க ராணுவ மருத்துவப் பிரிவு 1902ல் எடுத்துக்கொண்ட சின்னத்தில் இரட்டைப் பாம்பும் சிறகும் இருக்கும். அது வணிகத்துக்குரிய ஹெர்மஸின் கோல்! மருத்துவத்துக்கு ஒற்றைப் பாம்புதான் சரி.

2. மேலே கிரீடம். பேட்ஜின் வயசு இங்கதான் தெரியும். வளைவுகள் குவிமாடம் மாதிரி உருண்டிருந்தால் 1901க்குப் பிந்தைய மன்னர்கள் காலம். நடுவில் பள்ளமா இறங்கியிருந்தால் எலிசபெத் ராணி காலம், 1953ஐ ஒட்டி வந்தது. ஆனா கிரீடத்தை மட்டும் நம்பி காசு கொடுத்துடாதீங்க. பின்னாளில் அடித்த நகல்கள் நிறைய உண்டு.

3. இந்தப் படை உருவானது 1898ல். அதுக்கு முன்னாடி ராணுவ டாக்டருக்கு மற்ற அதிகாரிகளுக்கு நிகரான முழுப் பதவி கிடையாது. குண்டடி பட்டவனைக் காப்பாத்தணும், ஆனா மரியாதை கேட்கக் கூடாது! பிரிட்டிஷ் மெடிக்கல் அசோசியேஷன் பல வருஷம் போராடிய பிறகே கேப்டன், மேஜர் என்ற பதவிகள் முறையாகக் கிடைத்தன.

4. அந்த மரியாதைக்கு அவங்க தகுதியானவங்களா? விக்டோரியா கிராஸ் பிரிட்டனின் உச்ச வீர விருது. அதை இரண்டு முறை பெற்றவர்கள் வரலாற்றிலேயே 3 பேர்தான். அதில் 2 பேர் இந்தப் படையின் டாக்டர்கள்: ஆர்தர் மார்ட்டின்-லீக், நோயல் சவாஸ்.

சவாஸ் 1917ல் பெல்ஜியத்தில் தானே காயப்பட்டிருந்தும் பணியை விட்டு நகர மறுத்தார். காயம்பட்டவர்களைத் தேடி மறுபடி மறுபடி வெளியே போனார். ஆகஸ்ட் 4ல் இறந்தார். வயசு 32. பிராண்ட்ஹூக்கில் உள்ள அவர் கல்லறைக் கல்லில் இரண்டு விக்டோரியா கிராஸ்கள் செதுக்கப்பட்டிருக்கின்றன.

5. 2024 நவம்பரில் இந்தப் படை, பல் மருத்துவ, செவிலியர் படைகளோடு இணைந்து புதுப் பெயர் பெற்றது. அதோடு 126 வருஷக் கதை முடிந்தது. பழைய பேட்ஜ் இனி சேகரிப்பாளர் கையில்தான்.

பதவி கேட்டதுக்காக ஒரு காலத்தில் ஏளனம் செய்யப்பட்டவர்களின் சின்னம் அது. எங்காவது கண்ணில் பட்டால், விலை கேட்கிறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் கையில் வச்சுப் பாருங்க.