நஞ்சுக்கொடியில் தொடங்கிய நொதி

பாரிஸில் 1882-ஆம் ஆண்டு பிலிப் கோஷே என்ற இளம் மருத்துவர் தன் பட்டத்துக்கான ஆய்வேட்டில் 32 வயதுப் பெண் ஒருவரைப் பற்றி எழுதினார். அவருடைய மண்ணீரல் பெரிதாக வீங்கியிருந்தது. உள்ளே பருத்த செல்கள் அடைந்து கிடந்தன. மண்ணீரலில் வந்த ஒருவகைக் கட்டி என்று கோஷே முடிவு கட்டினார். முடிவு தவறு. ஆனாலும் நோய்க்கு அவர் பெயரே நிலைத்தது.

உண்மைக் காரணம் தெரிய எண்பது ஆண்டுகளுக்கு மேல் ஆனது. ஆயுள் முடிந்த இரத்த அணுக்களை நம் உடலில் உள்ள விழுங்கு செல்கள் தின்று செரிக்கின்றன. அந்த அணுக்களின் சவ்வில் குளுக்கோசெரிப்ரோசைடு என்ற கொழுப்பு உண்டு. அதை இரண்டாக வெட்டும் நொதி குளுக்கோசெரிப்ரோசிடேஸ். அது குறைந்தால் கொழுப்பு செரிக்காமல் தேங்கும். மண்ணீரலும் கல்லீரலும் வீங்கும், எலும்பு நொறுங்கும். அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் ராஸ்கோ பிராடியின் குழு, கதிரியக்கக் கார்பன் சேர்த்த கொழுப்பைக் கொண்டு 1960-களின் நடுவில் இந்தக் குறைபாட்டைக் கண்டுபிடித்தது.

குறைவது நொதி என்றால் அதை வெளியிலிருந்து கொடுத்தால் போதுமே என்று பிராடி நினைத்தார். மனித நொதிக்கு எங்கே போவது? பிரசவ அறையில் வீசி எறியப்படும் நஞ்சுக்கொடியில் அது இருந்தது. அதிலிருந்து பிரித்த நொதியை 1970-களில் நோயாளிகளுக்கு ஊசியில் ஏற்றினார்கள். பலன் சீராக இல்லை. நொதியின் பெரும்பகுதி விழுங்கு செல்களுக்குப் போகாமல் கல்லீரலின் மற்ற செல்களுக்குப் போய்விட்டது.

இந்தக் கதையின் திருப்பம் சர்க்கரையில் இருக்கிறது. நொதியின் புரதத்தில் சர்க்கரைச் சங்கிலிகள் தொங்குகின்றன. விழுங்கு செல்லின் மேற்பரப்பில் மேனோஸ் என்ற சர்க்கரையைப் பிடிக்கும் ஏற்பிகள் உண்டு. நஞ்சுக்கொடி நொதியிலோ மேனோஸ் மற்ற சர்க்கரைகளுக்கு அடியில் மறைந்திருந்தது. வேறு மூன்று நொதிகளை ஒன்றன்பின் ஒன்றாகச் செலுத்தி, மேலிருந்த சர்க்கரைகளைக் கத்தரித்து மேனோஸை வெளிக்கொண்டு வந்தார்கள். முகவரி சரியானதும் சரக்கு வீடு போய்ச் சேர்ந்தது. 1980-களில் நடந்த சோதனையில் நான்கு வயதுச் சிறுவன் ஒருவன் மட்டும் நன்றாகத் தேறினான். எல்லோருக்கும் ஒரே அளவு கொடுத்ததால் சின்ன உடம்புக்கு அது போதுமானதாக இருந்தது; பெரியவர்களுக்குப் போதவில்லை. எடைக்கு ஏற்ப அளவைக் கூட்டியதும் மற்றவர்களும் தேறினார்கள்.

1991-இல் செரிடேஸ் என்ற பெயரில் அமெரிக்கா இதற்கு அனுமதி தந்தது. தயாரித்தது பாஸ்டனில் 1981-இல் தொடங்கிய ஜென்சைம். ஒரே நோயாளிக்கு ஓர் ஆண்டுக்கு ஏறத்தாழ 20,000 நஞ்சுக்கொடிகள் தேவைப்பட்டன. எத்தனை பிரசவங்கள் நடந்தாலும் இது கட்டுப்படியாகாது. மனித உறுப்பின் வழியே கிருமி தொற்றிவிடுமோ என்ற அச்சமும் இருந்தது.

மாற்று வழி மரபணுவில் இருந்தது. இந்த நொதிக்கான மனித மரபணு 1980-களின் நடுவில் பிரித்தெடுக்கப்பட்டிருந்தது. அதை பாக்டீரியாவில் வைத்திருக்கலாம்; ஆனால் பாக்டீரியா தேவையான சர்க்கரைச் சங்கிலிகளை மாட்டாது. எனவே சீன ஹாம்ஸ்டரின் சூலக செல்களில் வைத்தார்கள். 1957-இல் தியோடர் பக் வளர்த்தெடுத்த செல் வரிசை அது. அந்தச் செல்கள் தயாரித்த, 497 அமினோ அமிலங்கள் கொண்ட மறுசேர்க்கைப் புரதம் நஞ்சுக்கொடி நொதியிலிருந்து ஒரே ஓர் அமினோ அமிலத்தில் மட்டும் வேறுபட்டது. இங்கும் சர்க்கரையைக் கத்தரிக்கத்தான் வேண்டியிருந்தது. 1994-இல் செரிசைம் என்ற பெயரில் அனுமதி கிடைத்தது; நஞ்சுக்கொடி சேகரிக்கும் தேவை தீர்ந்தது.

தொட்டியில் செல் வளர்ப்பதிலும் ஆபத்து உண்டு. 2009-இல் ஜென்சைமின் ஆல்ஸ்டன் ஆலையில் மனிதரைத் தாக்காத ஒரு வைரஸ் செல்களில் புகுந்தது. ஆலை நின்றது, உலகெங்கும் மருந்துக்குத் தட்டுப்பாடு. 2012-இல் அனுமதி பெற்ற இன்னொரு வடிவம் கேரட் செல்களில் தயாராகிறது. அதில் மேனோஸ் தானாகவே வெளியே தெரிவதால் கத்தரிக்கும் வேலை மிச்சம்.

இன்று இதே மனித நொதி, மைக்ரோகிராம் கணக்கில் சிறு குப்பிகளில் ஆய்வகங்களுக்கும் போகிறது. அங்கே ஒளிராத ஒரு செயற்கைப் பொருளை நொதியுடன் சேர்க்கிறார்கள். நொதி அதை வெட்டினால், புற ஊதா வெளிச்சத்தில் கரைசல் நீலமாக ஒளிரும். ஒரு புதிய மருந்து நொதிக்கு உதவுகிறதா, தடுக்கிறதா என்பதை அந்த ஒளியின் அளவு சொல்லிவிடும். இந்தச் சோதனைக்கு மவுசு கூடியதற்குக் காரணம் பார்க்கின்சன் நோய். இதே மரபணுவில் பிழை உள்ளவர்களுக்குப் பார்க்கின்சன் வரும் வாய்ப்பு அதிகம் என்பதை, பல நாட்டு ஆய்வு மையங்களின் தரவைச் சேர்த்து எல்லன் சிட்ரான்ஸ்கி தலைமையிலான குழு 2009-இல் உறுதிசெய்தது.

நொதியை உண்டாக்கும் கணக்கை அறிவியல் தீர்த்துவிட்டது. விலைக் கணக்கு தீரவில்லை. இந்தியாவின் 2021 அரிய நோய்க் கொள்கையில் கோஷே நோய் இடம்பெற்றுள்ளது. 2022-இல் ஒரு நோயாளிக்கு 50 லட்சம் ரூபாய் வரை உதவி அறிவிக்கப்பட்டது. ஆனால் இந்த மருந்தை ஆயுள் முழுக்க ஏற்ற வேண்டும். குழந்தை வளர வளர அளவும் செலவும் கூடும். உதவித் திட்டம் அந்த ஆயுளைக் கணக்கில் கொண்டு அமைய வேண்டும்.