ஒரு பழைய வீட்டின் மதிப்பை யார் முடிவு செய்வது? - சிகாகோ ரோபி வீட்டின் கதை

அமெரிக்காவின் சிகாகோ நகரில் ஹைட் பார்க் என்று ஒரு பகுதி உண்டு. சிகாகோ பல்கலைக்கழகம் இருப்பது அங்கேதான். அங்கே உட்லான் அவென்யூவும் 58-ஆம் தெருவும் சந்திக்கும் முனையில் நீளமாக, தாழ்வாக ஒரு செங்கல் வீடு நிற்கிறது. தெருவில் நின்று பார்த்தால் வாசல் எங்கே என்றே தெரியாது. இதன் பெயர் ரோபி வீடு. இன்று உலகப் பாரம்பரியச் சின்னம். ஆனால் 1957 மார்ச் மாதம் இதன் சொந்தக்காரர்கள், "இதை இடித்துவிட்டு மாணவர் விடுதி கட்டப் போகிறோம்" என்று அறிவித்தார்கள். இடிப்பதற்குத் தேதியும் குறித்தாகிவிட்டது!

சொந்தக்காரர்கள் யாரோ பணத்தாசை பிடித்த வியாபாரி அல்ல. சிகாகோ இறையியல் செமினரி, அதாவது பாதிரியார்களைப் பயிற்றுவிக்கும் கல்லூரி. அவர்கள் 1926-இல் இதை வாங்கியதே மனைக்காகத்தான். வீட்டை விடுதியாகவும் சாப்பாட்டுக் கூடமாகவும் 30 வருடம் பயன்படுத்திவிட்டார்கள். அதற்குள் வீடு மிகவும் பழுதாகிவிட்டது. மாணவர்கள் தங்க இடமும் இல்லை. அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கத்தான் செய்கிறது. ஒரு வீடு பழையதாக இருப்பதாலேயே அதைக் காப்பாற்ற வேண்டும் என்றால் எந்த ஊரிலும் எதையுமே புதிதாகக் கட்ட முடியாது. அப்படியானால் எதை விடுவது, எதை வைத்துக்கொள்வது? இந்தக் கேள்விக்கு அன்றைய அமெரிக்காவில் சட்டப்படி ஒழுங்கான பதில் எதுவும் இல்லை.

முதலில் வீட்டைப் பற்றிப் பார்த்துவிடுவோம். பிரடெரிக் ரோபி என்பவர் சைக்கிள் உதிரி பாக வியாபாரக் குடும்பத்தைச் சேர்ந்தவர். முப்பது வயதுகூட ஆகாத அவர் 1908-இல் பிராங்க் லாயிட் ரைட் என்ற கட்டிடக் கலைஞரிடம் போனார். 1910-இல் குடும்பத்தோடு குடியேறினார். 1911 டிசம்பரிலேயே கடன் தொல்லையாலும் குடும்பப் பிரச்சினையாலும் விற்றுவிட்டார். (இரண்டு வருடம்கூட வாழாத மனிதரின் பெயர்தான் நூறு வருடம் தாண்டியும் அந்த வீட்டுக்கு நிற்கிறது!) அடுத்து வாங்கியவர் ஒரு வருடத்துக்குள் இறந்துவிட்டார். அதற்கடுத்த குடும்பம் 1926 வரை இருந்தது. ஆக, இது வீடாக இருந்தது மொத்தம் 16 வருடம்தான்.

சரி, இதில் அப்படி என்ன விசேஷம்? அந்தக் காலத்து அமெரிக்கப் பணக்காரர் வீடுகள் உயரமாக, பெட்டி பெட்டியான அறைகளோடு இருக்கும். ரைட் அதை அப்படியே படுக்க வைத்துவிட்டார். சிகாகோவைச் சுற்றியிருக்கும் சமவெளிப் புல்வெளிக்கு ப்ரெய்ரி என்று பெயர். அதனால் இந்தப் பாணிக்கும் ப்ரெய்ரி பாணி என்று பெயர் வந்தது. மேற்குப் பக்கம் கூரை கடைசித் தூணைத் தாண்டிச் சுமார் 20 அடி அந்தரத்தில் நீள்கிறது. அதைத் தாங்குவது உள்ளே மறைந்திருக்கும் எஃகு உத்திரங்கள். உள்ளே ஹாலுக்கும் சாப்பாட்டு அறைக்கும் நடுவே சுவரே கிடையாது. நடுவில் கணப்பு அடுப்பு மட்டும்தான், அதன் இரண்டு பக்கமும் ஒரே நீளமான இடம். வீட்டோடு சேர்ந்தே மூன்று கார்கள் நிற்கும் கொட்டகை வேறு. கார் என்பதே புதுமையாக இருந்த காலத்தில் இது!

எல்லாவற்றையும்விட ரசிக்க வேண்டியது செங்கல் வேலை. செங்கற்கள் சாதாரணக் கல்லைவிட நீளமானவை, ஒல்லியானவை. படுக்கைவாட்டில் ஓடும் சாந்துக் கோடுகளை வெளிர் நிறத்தில் உள்ளடங்கி விட்டிருக்கிறார்கள். செங்குத்தாக வரும் சாந்தையோ செங்கல்லின் நிறத்திலேயே கலந்து கல்லோடு சமமாகப் பூசியிருக்கிறார்கள். தூரத்தில் நின்று பார்த்தால் குறுக்குக் கோடுகள் கண்ணுக்கே தெரியாது. சுவர் முழுவதும் நீளக் கோடுகளாகத் தெரியும். ஒரு கொத்தனார் எத்தனை பொறுமையாக இதைச் செய்திருக்க வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். ரைட்டின் பெயர் எல்லாருக்கும் தெரிகிறது, அந்தக் கொத்தனார்களின் பெயர் யாருக்கும் தெரியவில்லை.

இந்த வீட்டுக்கு ஆபத்து வந்தது 1957-இல் முதல்முறை அல்ல. 1941-இலேயே செமினரி இடிக்கத் திட்டம் போட்டது. தற்செயலாக ஒரு கட்டிடக்கலை மாணவருக்கு அது தெரிந்து, அவர் தன் ஆசிரியர்களிடம் சொல்ல, எதிர்ப்புக் கிளம்பியது. உலகப் போர் வந்ததால் திட்டமும் நின்றுபோனது. 1957-இல் மறுபடி அறிவிப்பு வந்தபோது ரைட்டுக்கு வயது 89. அவரே நேரில் வந்து வீட்டைச் சுற்றிப் பார்த்து, பத்திரிகைக்காரர்கள் முன்னால் கண்டனம் சொன்னார். ஆன்மிக விஷயம் எதையும் பாதிரிமார் கையில் ஒப்படைத்தால் இப்படித்தான் ஆகும் என்று கிண்டலும் அடித்தார். (அடக்கம் என்பது அவரிடம் எப்போதுமே கிடையாது.)

ஆனால் வீட்டைக் காப்பாற்றியது அந்தக் கிண்டல் அல்ல. பக்கத்து மனைகளில் இருந்த இரண்டு மாணவர் சங்கங்கள், "எங்கள் வீடுகளை எடுத்துக்கொண்டு அங்கே விடுதி கட்டுங்கள்" என்று முன்வந்தன. 1958-இல் ரைட்டின் நண்பரான வில்லியம் ஸெக்கெண்டார்ப் என்ற ரியல் எஸ்டேட் அதிபர் ரோபி வீட்டை 1,25,000 டாலருக்கு வாங்கினார். 1963-இல் அதைச் சிகாகோ பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்தார். அதே வருடம் அது தேசிய வரலாற்றுச் சின்னமாகவும் அறிவிக்கப்பட்டது. இதில் வேடிக்கை என்னவென்றால், ஸெக்கெண்டார்பின் கம்பெனி அந்த நேரத்தில் ஹைட் பார்க்கில் பழைய கட்டிடங்களை இடித்துப் புதிது கட்டும் திட்டத்தில்தான் ஈடுபட்டிருந்தது. அந்த வேலைக்கு ரோபி வீட்டையே ஆபீஸாக வைத்துக்கொண்டார்கள்!

அதே 1963-இல்தான் நியூயார்க்கின் பென் ஸ்டேஷனை இடிக்கத் தொடங்கினார்கள். அந்த அதிர்ச்சியில் நியூயார்க் நகரம் 1965-இல் தன் பாரம்பரியச் சட்டத்தைக் கொண்டுவந்தது. 1966-இல் நாடு முழுவதற்குமான தேசிய வரலாற்றுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. தேசியப் பதிவேடு உருவாகி, ஒரு வீடு அதில் சேர என்ன தகுதி வேண்டும் என்றும் எழுதி வைத்தார்கள். முக்கியமான சம்பவத்தோடு தொடர்பு, முக்கியமான மனிதரோடு தொடர்பு, கட்டிடக்கலைச் சிறப்பு, ஆராய்ந்தால் புதிய வரலாற்றுத் தகவல் கிடைக்கும் வாய்ப்பு என்று நான்கு வழிகள். ஒன்று தேறினாலே போதும்.

கட்டிடக்கலைச் சிறப்பு என்பதற்குள்ளும் பல வகை இருக்கிறது. ஒரு காலத்தின் அல்லது பாணியின் அடையாளங்கள் அந்த வீட்டில் தெளிவாகத் தெரிய வேண்டும். இல்லையென்றால் ஒரு மேதையின் வேலையாக இருக்க வேண்டும். அதுவும் இல்லையென்றால் உயர்ந்த கலை நயம் வேண்டும். ரோபி வீடு இந்த மூன்றிலும் தேறிவிடும். தனியாகப் பார்த்தால் சாதாரணமாக இருக்கும் வீடுகள் ஒரு தெருவாகச் சேர்ந்து நிற்கும்போது மதிப்புப் பெறலாம் என்று இன்னொரு வகையும் சேர்த்திருக்கிறார்கள். ஏழை, நடுத்தர மக்களின் வீடுகளுக்குக் கதவைத் திறந்துவிடுவது இதுதான் என்பதால், எல்லாவற்றிலும் நியாயமான விதி இது என்றே சொல்லலாம். தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் நகரம் 1931-லேயே ஒரு பகுதி முழுவதையும் பாதுகாக்க விதி போட்டுவிட்டது.

சிறப்பு இருந்தால் மட்டும் போதாது, அந்தச் சிறப்பு இன்னும் மிச்சம் இருக்க வேண்டும். அதே இடத்தில் நிற்கிறதா, வடிவமைப்பு மாறவில்லையா, பழைய பொருட்களும் கைவேலையும் இருக்கின்றனவா என்றெல்லாம் பார்ப்பார்கள். இந்த இடத்தில் ஆராய்ச்சி துப்பறியும் கதை போல ஆகிவிடுகிறது. கட்டிட அனுமதிச் சீட்டு, வரிப் பதிவு, பத்திரம் எல்லாம் தேடுவார்கள். தீ காப்பீட்டுக்காக ஸான்பர்ன் கம்பெனி தயாரித்த பழைய வரைபடங்களில் செங்கல் கட்டிடம் இளஞ்சிவப்பிலும் மர வீடு மஞ்சளிலும் இருக்கும். ஆணியே சாட்சி சொல்லும்! கொல்லன் கையால் அடித்த ஆணி என்றால் பெரும்பாலும் 1800-க்கு முன், தகட்டிலிருந்து வெட்டிய சதுர ஆணி என்றால் 19-ஆம் நூற்றாண்டு, உருண்டைக் கம்பி ஆணி என்றால் அந்த நூற்றாண்டின் கடைசி அல்லது அதற்குப் பின். பலகையில் ரம்பம் போன தடம் நேராக இருக்கிறதா, வளைந்திருக்கிறதா என்று பார்த்தால், அது வட்ட ரம்பத்தில் அறுத்த மரமா என்றும் தெரிந்துவிடும்.

அப்புறம் வயது. பொதுவாக 50 வருடம் ஆகியிருக்க வேண்டும் என்பது தேசியப் பதிவேட்டின் வழக்கம், விதிவிலக்கான சிறப்பு இருந்தாலொழிய. (நம் நாட்டின் 1958-ஆம் வருடத்துச் சட்டம் தேசியச் சின்னங்களுக்கு 100 வருடம் கேட்கிறது.) 1957-இல் ரோபி வீட்டுக்கு வயது 47. 1941-இல் 31. வயதை மட்டும் பார்த்திருந்தால் இரண்டு முறையும் தோற்றிருக்கும்!

இது வெறும் கணக்கு விஷயம் இல்லை என்பதற்கு இன்னொரு வீடு உதாரணம். ரிச்சர்ட் நியூட்ரா என்ற பெரிய கட்டிடக் கலைஞர் 1962-இல் கலிபோர்னியாவின் ராஞ்சோ மிராஜ் ஊரில் மாஸ்லன் வீட்டைக் கட்டினார். 2002-இல் அது கை மாறியது. வாங்கியவர் இடிக்க அனுமதி கேட்டார், ஊர் நிர்வாகம் கொடுத்துவிட்டது. கொஞ்ச நாளில் வீடு தரைமட்டம். யாராவது ஒரு மாணவருக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தால்...

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். தேசியப் பதிவேட்டில் பெயர் ஏறிவிட்டாலும், சொந்தக்காரர் தன் சொந்தப் பணத்தில் இடிப்பதை அந்தச் சட்டம் தடுக்காது. தடுக்கும் அதிகாரம் பெரும்பாலும் நகரச் சட்டங்களிடம்தான் இருக்கிறது. சிகாகோவில் 1957-இல் அமைத்த முதல் குழுவால் பாராட்ட முடிந்ததே தவிர, இடிப்பை நிறுத்த முடியவில்லை. 1968-இல்தான் வலுவான சட்டம் வந்தது. அப்படியும் 1972-இல் லூயிஸ் ஸல்லிவனின் பங்குச் சந்தைக் கட்டிடத்தை இடித்தார்கள். அதன் அலங்கார வேலைப்பாடுகளைக் காப்பாற்ற உள்ளே போன ரிச்சர்ட் நிக்கல் என்ற புகைப்படக்காரர் இடிபாட்டில் சிக்கி இறந்துபோனார்.

ரோபி வீடு 1971-இல் சிகாகோ நகரச் சின்னமாகவும் ஆனது. பல வருடப் புதுப்பிப்பு வேலை 2019-இல் முடிந்தது. அதே ஜூலையில் ரைட்டின் வேறு ஏழு கட்டிடங்களோடு சேர்த்து யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. செமினரிக்கு வேண்டியிருந்த விடுதி, மாணவர் சங்கங்கள் விட்டுக்கொடுத்த பக்கத்து மனையில் எழுந்தது. அதைப் பார்க்க இதுவரை யாரும் டிக்கெட் வாங்கியதில்லை.