பாலத்துக்கு அக்கரையில் நம் சொந்தங்கள்



நாட்டுப் பிரிவினை என்றதும் 1947தான் பலருக்கும் நினைவுக்கு வரும். இந்தியாவும் பாகிஸ்தானும் பிரிந்தபோது ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் வீடு வாசலை விட்டுப் பெயர்ந்தார்கள். ஆனால் சிம்பாங் ரெங்கத்தில் வாழும் நமக்குப் பக்கத்திலேயே ஒரு பிரிவினை நடந்தது. 1965 ஆகஸ்டு 9, திங்கட்கிழமை, சிங்கப்பூர் மலேசியாவிலிருந்து பிரிந்தது.

1963 செப்டம்பர் 16-இல் மலாயா, சிங்கப்பூர், சபா, சரவாக் இணைந்து மலேசியா உருவானது. அந்த இணைப்பில் சிங்கப்பூர் இரண்டு ஆண்டுகள்கூட நீடிக்கவில்லை. வரி, பொதுச் சந்தை, இனங்களின் உரிமை, தேர்தல் என ஒவ்வொன்றிலும் இரு தரப்புக்கும் உரசல். 1964 ஜூலை 21-இல் சிங்கப்பூரில் மீலாது ஊர்வலத்தின்போது மூண்ட கலவரத்தில் 23 பேர் இறந்தார்கள். செப்டம்பரில் மீண்டும் கலவரம். கடைசியில் பிரிவதே வழி என்று பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான் நாடாளுமன்றத்தில் அறிவித்தார். மக்களவையில் 126 பேர் ஆதரித்தார்கள். எதிர்த்து ஒரு வாக்கும் இல்லை. அன்று லீ குவான் இயூ தொலைக்காட்சியில் கண்ணீர் விட்டார். இணைவதற்காகச் சிங்கப்பூரில் 1962-இல் வாக்கெடுப்பு நடந்தது. பிரியும்போது மக்களை யாரும் கேட்கவில்லை.

அப்போது என் பாட்டனார் இங்கே மளிகைக் கடை வைத்திருந்தார். அவருடைய தம்பிக்குச் சிங்கப்பூரில் கடை. 1924-இல் திறக்கப்பட்ட ஜொகூர் பாலம் அவர்களுக்குச் சரக்கு லாரி போய்வரும் பாதை, அவ்வளவுதான். தெலுக் ஆயர் நாகூர் தர்காவும் சவுத் பிரிட்ஜ் சாலை சூலியா பள்ளிவாசலும் அவர்களுக்கு வெளிநாடு அல்ல. செய்தியை வானொலியில் கேட்ட பிறகும், மறுநாள் வழக்கம்போல் சரக்கெடுக்க ஆள் அனுப்பினாராம் பாட்டனார். “அண்ணன் தம்பியை எந்தச் சட்டம்டா பிரிக்கும்?” என்று கேட்டதாக அத்தா சொல்வார்.

சட்டம் மெதுவாகத்தான் பிரித்தது. 1967-இல் பாலத்தில் பாஸ்போர்ட் சோதனை வந்தது. அதே ஆண்டு ஜூன் 12-இல் பொது நாணயம் முடிவுக்கு வந்து, இரு நாடுகளும் தனித்தனி நோட்டு வெளியிட்டன. அப்போதும் ஒன்றுக்கு ஒன்று சமமாக மாறியது. 1973-இல் அதுவும் நின்றது. வியாபாரியான எனக்குப் பிரிவினையின் தூரம் இதில்தான் புரிகிறது: இன்று ஒரு சிங்கப்பூர் வெள்ளிக்கு மூன்று ரிங்கிட்டுக்கும் மேல் கொடுக்கிறோம். ஆனாலும் பேச்சில் நமக்கு இரண்டும் வெள்ளிதான்.

சின்ன பாட்டனார் அந்நாட்டுக் குடியுரிமை எடுத்துக்கொண்டார்; பாட்டனார் இந்நாட்டுக் குடிமகன். சண்டை எதுவும் இல்லை. பெருநாளைக்கு மாறி மாறி வந்தார்கள். அடுத்த தலைமுறையில் கல்யாணத்துக்கு மட்டும் வந்தார்கள். எங்கள் தலைமுறையில் வாட்ஸ்அப்பில் ‘ஈத் முபாரக்’ மட்டும்.

2020 மார்ச்சில் கோவிட் பாலத்தை மூடியது. அடுத்த ஆண்டு சின்ன பாட்டனார் அங்கே வஃபாத்தானார். மூன்று மணி நேரத்துக்குள் போகக்கூடிய தூரம். ஜனாஸாவுக்குப் போக முடியவில்லை. வீட்டிலேயே காயிப் ஜனாஸா தொழுதோம். வரிசையில் நின்ற என் அத்தாவின் தோள் குலுங்கியது. 1965 எங்கள் வீட்டுக்குள் வந்ததை அன்றுதான் நான் கண்டேன்.

2022 ஏப்ரல் 1-இல் பாலம் முழுமையாகத் திறந்ததும் கபுரை ஜியாரத் செய்யப் போனோம். அங்கே சின்ன பாட்டனாரின் பேரப்பிள்ளைகளிடம் நாங்கள் யார் என்று சொல்லி அறிமுகம் செய்துகொள்ள வேண்டியிருந்தது.

நம் சங்கத்தைத் தொடங்கிய பெரியவர்கள் இந்தப் பிரிவினையைக் கண்ணால் கண்டவர்கள். அவர்களில் பலர் இன்று இல்லை. இருப்பவர்களிடம் கேட்டு, அக்கரையில் நமக்கு யார் யார் சொந்தம், எந்த முறை என்பதை ஒவ்வொரு குடும்பமும் ஒரு தாளிலாவது எழுதி வைக்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள். உறவைச் சேர்ந்து நடப்பதை மார்க்கம் நமக்குக் கடமையாக்கியிருக்கிறது. அதற்கு முதலில் உறவின் பெயர் தெரிந்திருக்க வேண்டும். பொன்விழா ஆண்டில் அதைத் தொடங்குவோம், இன்ஷா அல்லாஹ்.